தாளில் மட்டும் ஓடும் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கப் பூர்வகுடிகளின் தண்ணீர் உரிமையைப் பற்றி எழுதுவோர் பலரும் 1908ஆம் ஆண்டு வின்டர்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்போடு நிறுத்திவிடுகிறார்கள். சிக்கலே அதற்குப் பிறகுதான்.

அந்த வழக்கு இதுதான்: மொன்டானா மாநிலத்தில் ஃபோர்ட் பெல்நாப் ஒதுக்கு நிலத்துக்கு (பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலம்) வரும் மில்க் ஆற்றைக் குடியேறிகள் மேலேயே மறித்தார்கள். 1888இல் நிலத்தை ஒதுக்கியபோதே தண்ணீரும் சேர்த்து ஒதுக்கப்பட்டது என்றது உச்ச நீதிமன்றம். மேற்கு மாநிலங்களில் முதலில் எடுத்தவருக்கே முன்னுரிமை. எடுக்காமல் விட்டால் உரிமை போய்விடும். பூர்வகுடிகளுக்கு அப்படிப் போகாது, ஒதுக்கிய தேதியே கணக்கு. பெரிய வெற்றிதான்.

ஆனால் எவ்வளவு தண்ணீர்? 1963இல் அரிசோனா - கலிபோர்னியா வழக்கில்தான் அளவுகோல் வந்தது: பாசனம் செய்யத்தக்க ஏக்கர் எத்தனை என்று எண்ணுவது. கொலராடோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் 5 ஒதுக்கு நிலங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் ஏக்கர்-அடி கிடைத்தது. ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர்தான் ஒரு ஏக்கர்-அடி, ஏறக்குறைய 12.3 லட்சம் லிட்டர். சமவெளிக்காரர்களுக்குச் சரி, மலையும் பாறையுமாக நிலம் பெற்றவர்களுக்கு இந்தக் கணக்கு அநியாயம்.

தீர்ப்பு கையில் இருந்தாலும் கால்வாயும் குழாயும் இல்லாவிட்டால் சொட்டு நீர் வராது. 1868இல் அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தப்படி நவாஹோ என்னும் பூர்வகுடி மக்களுக்கு நீர் கிடைக்க அந்த அரசு நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டதல்ல என்று 2023இல் 5-4 என்ற கணக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்