மரத்த காலுக்கு வேலூர் தந்த பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன அப்பா, அம்மா உள்ள வீடுகளுக்கு வேலூரில் நடந்த பழைய ஆய்வு ஒன்று இன்றும் கைகொடுக்கிறது. கொல்லிமலையில் பிறந்து 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்று காட்டினார். சூடு, வெட்டு, ஓயாத அழுத்தம் எதுவும் வலிக்காததே காரணம். தூக்கத்தில் எலி கடித்தால்கூடத் தெரியாது.

சர்க்கரை நோயால் மரத்த காலுக்கும் இதே ஆபத்துதான். அதற்கு எம்சிஆர் எனும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு வேண்டும். ஆணி அடித்தது ஆகாது. பின்வார் அவசியம், இல்லாவிட்டால் செருப்பு கழலாமலிருக்க விரலை மடக்கிப் பிடித்தே நடப்பார், விரல்நுனி புண்ணாகும். விரலிடுக்கு வாரும் கூடாது. (காலணிக்குப் பேர்போன ஆம்பூர் பக்கத்தில் இருந்தும் இங்கே அதுதான் அதிகம்!) ரப்பர் நசுங்கிக் கெட்டியானால், வார் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். போடுமுன் உள்ளே கைவிட்டுக் கல், முள் பாருங்கள். சித்திரை வெயிலில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு விடாதீர்கள்.

தினமும் மாலையில் புறங்கையால் இரு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். ஓரிடம் மட்டும், மறுகாலின் அதே இடத்தைவிடச் சுடுகிறதா? தோல் கிழியாமலே உள்ளே காயம் தொடங்கியிருக்கலாம். நடையைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். "நடந்தால் சர்க்கரை குறையும்" என்று அப்போதும் நடக்கவிடுவதுதான் பெரிய தவறு. உள்ளங்கால் புண்ணை மிதித்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு விலையுள்ள மருந்துக்கும் ஆறாது.

பாதப் பராமரிப்புப் பணியாளர்கள்,
வேலூர்