மதியம் ஒன்றரை மணிக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. உனக்குத் தலைமையாசிரியர் பொறுப்பு வந்த செய்தியை முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். "விடுதியிலிருந்து உன்னோடு வருமே, அந்த ஒல்லிப் பிள்ளையா?" என்று கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டார். மூட்டுவலி இப்போது தேவலை. சீர்காழிப் பக்கம் குறுவை நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை கட்டியிருக்கிறது.

பிள்ளைகளைத் தினமும் வாசிக்க வைக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தாய். மதியம் சாப்பிட்டு வந்ததும், ஒன்றரையிலிருந்து 20 நிமிடம் பள்ளி முழுக்க வாசிப்பு. ஒரு நாள் கணக்குப் பாடவேளையிலிருந்து எடுப்போம், மறுநாள் அறிவியலிலிருந்து, அப்புறம் சமூக அறிவியல். எந்தப் பாடமோ, அதை ஒட்டிய புத்தகங்கள் அன்றைக்கு மேசைக்கு வரும். 'துளிர்' அறிவியல் மாத இதழின் பழைய பிரதிகள், பள்ளி மாணவர் இதழான 'தேன்சிட்டு', நில வரைபடம், எதுவும் பிடிக்காதவர்களுக்குக் கதைப் புத்தகம். ஆசிரியரும் கூடவே உட்கார்ந்து வாசிக்க வேண்டும், நோட்டுத் திருத்தக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நீ விட்டுக்கொடுக்காதே.

வாசிப்பு என்றால் தமிழாசிரியர் பாடு என்று நானும் ரொம்ப நாள் இருந்தவன்தான். ஏழாம் வகுப்பில் ஒரு பையன், சந்தையில் அப்பாவோடு காய் விற்பவன், மனக்கணக்கில் புலி. கரும்பலகையில் எழுதிய லாப நட்டக் கணக்கைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். நான் வாய்விட்டுப் படித்ததும் சட்டென்று விடை சொன்னான். அவனுக்குக் கணக்கு வந்தது, அந்த மூன்று வரியை வாசிக்கத்தான் வரவில்லை. இப்படி எத்தனை பேரைக் கணக்கு வராதவர்கள் என்று ஒதுக்கியிருப்பேனோ என்று நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

அவனை எப்படித் தொடங்க வைப்பது? அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் உண்டு அல்லவா? ஏழாவது படிப்பவன் எல்லார் முன்னாலும் 'நுழை'யை எடுப்பானா? ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வெள்ளிக்கிழமை வாசித்துக் காட்டும் வேலையை அவனிடம் கொடுத்தேன். அதற்காக நான்கு நாளும் அதே புத்தகத்தை விரல் வைத்துப் படித்துப் பழகினான். இப்போது 'ஓடு' வரை வந்துவிட்டான்.

தொடக்கத்தில், படித்ததைச் சுருக்கி எழுதச் சொன்னோம். அது தப்பு. எல்லாரும் இருப்பதிலேயே மெல்லிய புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார்கள். எழுதுவதை நிறுத்தியதும் வகுப்பில் தானாகப் பேச்சு வந்தது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ராமானுஜன் பற்றிய புத்தகத்தில் 1729-ஐப் பார்த்திருக்கிறாள். ஒரே எண்ணை மூன்று முறை பெருக்கி வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் அது இரண்டு விதமாக வரும் என்பதை நம்பாமல் உள்ளங்கையில் பேனாவால் போட்டுப் பார்த்தாள். ஒன்பதை மூன்று முறை பெருக்கி 729, பத்தை மூன்று முறை பெருக்கி 1000. அப்புறம் பன்னிரண்டில் 1728, கூட ஒன்று. "சார், சரியா வருது!" என்று கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கன எண் பற்றி நான் இன்னும் நடத்தவே இல்லை.

புத்தகம் இல்லை என்று எழுதியிருந்தாய். பீரோவைத் திறந்து பார்த்தாயா? எங்கள் பள்ளியிலும் கிழிந்தால் யார் பதில் சொல்வது என்று பூட்டியே வைத்திருந்தார்கள். எங்கள் சீர்காழியில் 1892-ல் பிறந்த ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-ல் அவர் வெளியிட்ட நூலகத்துக்கான ஐந்து விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். அதைச் சொல்லித்தான் சாவியைக் கேட்டு வாங்கினேன். இப்போது அந்தச் சாவி எட்டாம் வகுப்புச் சுவரில், ஆணியில் தொங்குகிறது. இதுவரை கிழிந்தவை நான்கு. பிள்ளைகளே கோந்து போட்டு ஒட்டிவிட்டார்கள்.

ஆகஸ்டில் வருவதாகச் சொன்னாயே, வேலை நாளாகப் பார்த்து வா. ஒன்றரைக்கு முன்னாலேயே பள்ளிக்கு வந்துவிடு, கையில் ஒரு புத்தகமும் இருக்கட்டும். 20 நிமிடம் கழித்துப் பேசுவோம். அம்மா உனக்குக் கொழுக்கட்டை செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்