முதல் பருவம் முடிந்தது, சின்னவன் நோட்டில் இருப்பவை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் பிள்ளையும் நலம். அங்கே சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் நலமா? காலாண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டாச்சு. மார்க் ஷீட்டை அப்பா வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார், பார்த்திருப்பாய். ஆறாம் வகுப்பின் இந்த முதல் பருவத்தில் சின்னவன் எதைக் கையால் செய்து பார்த்தான், எங்கே தடுக்கினான், தடுக்கிய இடத்தில் என்ன புரிந்துகொண்டான் என்பதெல்லாம் அந்த ஷீட்டில் வராது. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் மார்க் கணக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் 100. அதில் 60 பருவக் கடைசியில் எழுதும் தேர்வு, தொகுத்தறி. மீதி 40 வளரறி. அந்த 40-ல் பாதி செயல்பாடுகளுக்கு, பாதி சின்னச் சின்ன வகுப்புத் தேர்வுகளுக்கு. நிறையப் பெற்றோர் அந்தச் செயல்பாட்டு 20-ஐ "எப்படியும் போட்டுவிடுவார்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்டேஷனரிக் கடையில் ரெடிமேட் சார்ட்டும் தெர்மகோல் மாடலும் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். நம் வீட்டில் அது வேண்டாம் என்று நானும் அப்பாவும் முடிவு செய்திருக்கிறோம். பிள்ளை கற்றுக்கொள்வதில் பெரும்பங்கு அந்த இருபதுக்குள்தான் நடக்கிறது. கீழே எழுதியிருப்பதைப் படித்தால் உனக்கே தெரியும்.

இந்தப் பருவத்தில் சமூக அறிவியலில் சிந்துவெளி, கணக்கில் விகிதம். இரண்டையும் சேர்த்து ஒரு செயல்பாடு கொடுத்தார்கள்: சிந்துவெளிச் செங்கல் செய்து ஒரு சின்னச் சுவர் எழுப்ப வேண்டும். ஹரப்பா, மொகஞ்சதாரோ செங்கற்களின் கனம், அகலம், நீளம் 1 : 2 : 4 என்ற கணக்கில் இருக்கும். பரவலாகக் கிடைக்கும் அளவு 7 × 14 × 28 செ.மீ. இவன் செய்தது அதைச் சுருக்கி 2 × 4 × 8.

களிமண்ணுக்கு அலையவில்லை. விநாயகர் சதுர்த்தி நேரம், ரோட்டோரத்திலேயே உருண்டை உருண்டையாக விற்றார்கள். அந்த மண்ணை அப்படியே பிசைந்து செய்தால் காயும்போது வெடிக்கும். அதனால் நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்க்க வேண்டும். தண்ணீர்ப் பதம் பார்க்க ஒரு வழி உண்டு. விரல் கனத்துக்குத் திரியாக உருட்டி வளையமாக வளைக்கணும். விரிசல் விட்டால் தண்ணீர் போதவில்லை, உள்ளங்கையில் ஒட்டினால் அதிகம். அட்டையில் 8 × 4 × 2 உள்ளளவுக்கு அச்சு செய்து, உள்ளே பாலிதீன் கவர் விரித்து, மண்ணை மூலைகளில் கட்டைவிரலால் அழுத்தி நிரப்பினான். மூலையை அழுத்தாவிட்டால் கல் மழுங்கி வரும். ஒரு கல்லுக்குச் சுமார் 120 கிராம் மண் பிடிக்கும்.

முதலில் செய்த கற்களை நியூஸ் பேப்பர் மேல் வைத்து மொட்டைமாடி வெயிலில் காயப் போட்டான். நாலு மூலையும் மேலே தூக்கிக்கொண்டு கல் வளைந்துவிட்டது. மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்குகிறது, அடிப்பக்கம் ஈரமாகவே பேப்பரில் ஒட்டிக்கொண்டு சுருங்க மறுக்கிறது. அதனால்தான் வளைகிறது. அடுத்த தடவை தாம்பாளத்தில் மணல் பரப்பி, அதன் மேல் கல்லை வைத்து, நிழலில் வைத்தான். சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டான். மணலில் கல் நகர இடம் இருப்பதால் எல்லாப் பக்கமும் சமமாகச் சுருங்கியது.

காய்ந்த கல்லை அளந்தபோது 8 செ.மீ. 7.6 ஆகியிருந்தது. "பாட்டி, தப்பா போச்சு" என்று முகம் வாடிவிட்டது. அகலத்தையும் கனத்தையும் அளக்கச் சொன்னேன். 3.8, 1.9. பெருக்கிப் பார்த்தான்: 1.9-ஐ இரண்டால் பெருக்கினால் 3.8, நாலால் பெருக்கினால் 7.6. அளவு மாறியிருக்கிறது, விகிதம் மாறவில்லை. போர்டில் எத்தனை கணக்கு போட்டிருந்தாலும் விகிதம் என்றால் என்ன என்பது இந்த அளவுக்கு அவன் மனதில் பதிந்திருக்குமா என்று தெரியவில்லை.

ஏன் 1 : 2 : 4 என்பது சுவர் கட்டும்போது விளங்கியது. அகலத்தைப் போல நீளம் இரண்டு மடங்கு இருந்தால், நீளவாக்கில் ஒரு கல் வைக்கிற இடத்தில் குறுக்குவாக்கில் இரண்டு கல் சரியாக உட்காரும். ஒரு வரிசை நீளவாக்கு, அடுத்த வரிசை குறுக்குவாக்கு என்று மாற்றி வைத்தால், கீழ் வரிசை இணைப்புக்கு நேர் மேலே மேல் வரிசை இணைப்பு வராது. அப்படி நேருக்கு நேர் வந்தால் சுவர் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். இரண்டு விதமாகவும் அடுக்கி, விரலால் தள்ளிப் பார்த்து நோட்டில் எழுதியிருக்கிறான். பிறகு பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் மேஸ்திரியிடம் கேட்டு ஒரு செங்கல்லை அளந்து வந்தான்: 23 × 11 × 7. நீளம் 22-தானே இருக்கணும், ஏன் 23 என்று கேட்டான். இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு செ.மீ. சிமெண்ட் கலவைக்கு இடம் வேண்டுமே. 11 + 1 + 11. இதை அந்த மேஸ்திரியே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாராம்.

அறிவியலில் அளவீடுகள் பாடம். ஒழுங்கற்ற கல்லின் பருமனை மெஷரிங் ஜாரில் தண்ணீர் விட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஜாரில் 50 மி.லி. தண்ணீர், நூலில் கட்டிய கல்லை இறக்கினால் 68, ஆகவே கல் 18 கன செ.மீ. அதே கல்லுக்குப் பக்கத்துப் பையன் 20 என்று எழுதியிருக்கிறான். முதல் அளவைக் குனிந்து கண்மட்டத்தில் பார்த்தவன், இரண்டாவதை நின்றபடி மேலிருந்து பார்த்துவிட்டான். மேலிருந்து பார்த்தால் ஜாரின் முன்பக்கக் கோடு கூடுதலாகத் தெரியும். இடமாறு தோற்றப் பிழை என்று புத்தகத்தில் வருவது இதுதான். இன்னும் இரண்டு இடத்தில் பிழை வரும். கல்லை மெதுவாக இறக்காமல் போட்டால் தண்ணீர் தெறிக்கும், அளவு குறையும். சொரசொரப்பான கல்லில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் அளவு கூடும். நூலைப் பிடித்துக் கொஞ்சம் ஆட்டினால் குமிழி போய்விடும். கண்ணாடி ஜாரில் தண்ணீரின் மேல்மட்டம் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்திருக்கும், குழியின் அடியைத்தான் படிக்க வேண்டும். பிளாஸ்டிக் ஜாரில் அந்தக் குழிவு அவ்வளவாகத் தெரியாது.

தாவரப் பாடத்துக்கு விதையை முளைக்க வைத்து ஆணிவேரையும் சல்லிவேரையும் பார்க்க வேண்டும். இதில் எல்லாரும் செய்கிற தவறு விதையைத் தண்ணீரில் மூழ்க விடுவது. விதைக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும், மூழ்கினால் அழுகி நாறும். கண்ணாடி டம்ளரின் உள்சுவரை ஒட்டி பிளாட்டிங் பேப்பரைச் சுருட்டி வைத்து, பேப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே விதையைச் செருகி, அடியில் ஒரு செ.மீ. மட்டும் தண்ணீர் விட்டால் போதும். பேப்பர் தானே ஈரத்தை மேலே இழுத்துக்கொள்ளும். இரவு ஊறவைத்த பச்சைப்பயறு நம் ஊர் வெயிலுக்கு மறுநாளே வேர் காட்டியது. மக்காச்சோளம் இன்னும் சில நாள் எடுத்துக்கொண்டது. அரிசியையும் ஒரு டம்ளரில் வைத்தான், முளைக்கவில்லை. உமியோடு இருக்கும் நெல் என்றால் முளைக்கும். ஆலையில் தீட்டும்போது முளைக்கரு போய்விடுகிறது. நெல் பூஜைச் சாமான் கடையில் கிடைக்கும், அடுத்து அதையும் வைக்கணும் என்கிறான். வளைந்த வேரை ஸ்கேலால் அளக்க முடியாது, நூலை வேரின் மேல் வைத்து அளந்து பிறகு நூலை ஸ்கேலில் வைக்க வேண்டும். நோட்டில் தினமும் ஒரு படம், பக்கத்தில் மி.மீ. கணக்கு. முளைக்காத டம்ளருக்கும் அவன் பக்கம் ஒதுக்கி, காரணம் எழுதியிருக்கிறான். அந்தப் பக்கத்தைக் கட்டாயம் பார்.

ஒரு சனிக்கிழமை குரோம்பேட்டையில் ரயில் ஏறி எழும்பூர் அருங்காட்சியகம் போய் வந்தார்கள், தாத்தாவும் பேரனும். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, நீ வரும்போது ஞாபகம் வைத்துக்கொள். வரலாற்றுப் பாடத்தில் கற்கருவிகள் வருகின்றன. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலத்தைப் பற்றிய ஆராய்ச்சி அந்த ஒரு கல்லிலிருந்துதான் தொடங்கியது. பல்லாவரம் நமக்கு அடுத்த ஸ்டேஷன். தினம் கடந்து போகிற ஊருக்கு இவ்வளவு வயசா என்று அவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஃபூட் சேர்த்த கருவிகளை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. மியூசியத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகும்போது எல்லாக் கூடத்தையும் சுற்றக் கூடாது, கால் வலிதான் மிஞ்சும். ஒரே கூடம், வரைவதற்கு மூன்று பொருள், பென்சில். எந்தப் பக்கம் கூர், எந்தப் பக்கம் கைப்பிடி, எத்தனை இடத்தில் கல் செதுக்கப்பட்டிருக்கிறது என்று வரைகிற கை கேட்கும்.

புள்ளியியலுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் பத்து நிமிடம் வண்டி எண்ணி, நேர்க்கோட்டுக் குறி போட்டு, பட்டை வரைபடம் வரைந்தான். பட்டைகளின் அகலம் ஒன்றுக்கொன்று மாறியதால் டீச்சர் திருப்பிக் கொடுத்தார், திருத்திவிட்டான். தமிழில் ற, ர இன்னும் சறுக்குகிறது. தினம் பத்து வார்த்தை சொல்லச் சொல்ல எழுதுகிறான். ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாளுக்கு மேடையில் பேசினான். வேகம் மட்டும் குறைய வேண்டும்.

அடுத்த பருவம் அக்டோபரில் தொடங்கும்போது வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். மழைமானி வைக்கலாம் என்று இப்போதே பாட்டில் எடுத்து வைத்திருக்கிறோம். இடுப்பு ஒடுங்காத, நேராக இருக்கும் பாட்டிலாக இருக்க வேண்டும். கழுத்தை வெட்டித் தலைகீழாக அதன் வாயிலேயே செருகினால் புனலும் ஆச்சு, தண்ணீர் ஆவியாவதும் குறையும். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யம் குறிக்க வேண்டும். அதற்கு மேல் மி.மீ. ஸ்கேல் ஒட்டி அதன் மேல் டேப். மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரிலிருந்து சுவர் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி வைக்கணும், இல்லாவிட்டால் காற்றடிக்கிற பக்கத்துச் சுவர் மழையை மறைத்துவிடும். வானிலைத் துறை காலை 8.30-க்குக் கணக்கு எடுக்கிறது. அவன் ஏழே முக்காலுக்குக் கிளம்புவதால் பள்ளி நாட்களில் அப்பா அந்த நேரத்துக்குப் பார்த்து எழுதுவார். மறுநாள் பேப்பரில் வரும் மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் மழை அளவோடு ஒப்பிடுவதாகத் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கேமராவில் நோட்டைக் காட்டச் சொல். வளைந்த செங்கல் பக்கத்திலிருந்து தொடங்கட்டும், அவனே சொல்லட்டும், நடுவில் திருத்தாதே. ஒரு கல்லை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறான், பொங்கலுக்கு வரும்போது தருவானாம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகளைச் சொல். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா