அரசருக்கு வைத்த கும்பிடு இருக்கிறது, முன்னுரை எங்கே?

கிங் ஜேம்ஸ் பைபிளை அச்சிட்டு விற்கும் பதிப்பகத்தாருக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் வேதபாட வகுப்பில் ஓர் அண்ணன், 1611-இல் வந்த இந்த ஆங்கில பைபிள் ஒன்றுதான் கலப்படமில்லாதது, மற்றதெல்லாம் மனிதர் கைவைத்துக் கெடுத்தது என்று அடித்துப் பேசினார். "அதை மொழிபெயர்த்தவர்களே அப்படிச் சொல்லலையே அண்ணே, முன்னுரையில் வேறு மாதிரி எழுதியிருக்காங்களே" என்றேன். "எங்கே, காட்டுங்க" என்று உங்கள் பதிப்பை என் கையில் கொடுத்தார். தோல் அட்டை, தாளோரத்தில் தங்கப் பூச்சு, சிவப்பு நாடா. புரட்டினேன். ஜேம்ஸ் அரசரை வானளாவப் புகழும் அர்ப்பணம் இருந்தது. அதைத் தாண்டினால் பொருளடக்கம், உடனே ஆதியாகமம். வகுப்பே சிரித்தது.

நீங்கள் அறியாததல்ல. மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவரான மைல்ஸ் ஸ்மித் வாசகருக்கு எழுதிய அந்த முன்னுரை முதல் பதிப்பில் 11 பக்கம். இன்று பெரும்பாலான பதிப்புகளில் அது இல்லை. புதிதாக ஒன்றைச் செய்யவோ, கெட்டதை நல்லதாக்கவோ நாங்கள் கிளம்பவில்லை, ஏற்கெனவே இருக்கும் நல்லதை இன்னும் நல்லதாக்கத்தான் பார்த்தோம் என்கிறது அது. பல மொழிபெயர்ப்புகள் இருப்பது பொருள் தெளிவுக்கு நல்லது என்கிறது. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி காலந்தொட்டு இந்த வேலையில் உழைத்தவர்களை நன்றியோடு நினைக்கிறது. நாற்பத்துச் சொச்சம் அறிஞர்களின் வாக்குமூலம் ஐயா அது. அதைக் கழற்றிவிட்டு அரசருக்கு வைத்த கும்பிடை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள்.

ஹென்றி காலத்தில் உழைத்தவர்களில் முதல் ஆள் வில்லியம் டிண்டேல். 1526-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்ட புதிய ஏற்பாடு, திருச்சபை அனுமதிக்காத மொழிபெயர்ப்பு என்பதால், துணி மூட்டைகளுக்குள் ஒளிந்து இங்கிலாந்துக்குப் போனது. லண்டன் பேராயர் அதைத் தேடிப் பிடித்து எரித்தார். 1535-இல் இன்றைய பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் டிண்டேலைக் காட்டிக்கொடுத்து, வில்வோர்டே கோட்டையில் அடைத்தார்கள். அந்தச் சிறையிலிருந்து லத்தீனில் அவர் எழுதிய ஒரு விண்ணப்பம் இன்றும் இருக்கிறது. குளிர்காலம் வருகிறது, தலையில் சளி கட்டி அவதிப்படுகிறேன், பறிமுதல் செய்த என் சாமான்களிலிருந்தே கனமான குல்லாய் ஒன்று தாருங்கள் என்கிறார். உடுத்தியிருக்கும் மேலங்கி மெல்லியது, வேறொன்று வேண்டும். கால்சட்டையை ஒட்டுப்போடக் கொஞ்சம் துணி. சாயங்காலத்தில் ஒரு விளக்கு, இருட்டில் தனியே உட்கார்ந்திருப்பது அலுப்பாக இருக்கிறதாம். எல்லாவற்றுக்கும் மேலாக எபிரெய பைபிள், எபிரெய இலக்கணம், எபிரெய அகராதி. எபிரெயத்திலிருந்து பழைய ஏற்பாட்டை மொழிபெயர்க்கும் வேலை பாதியில் நின்றிருந்தது.

1536-இல் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தார்கள். மூன்றே ஆண்டில் அதே ஹென்றியின் ஆணையோடு எல்லாத் தேவாலயத்திலும் வைக்க ஓர் ஆங்கில பைபிள் வந்தது. அதில் பெரும்பகுதி டிண்டேல் எழுதியது, பெயர் மட்டும் இல்லை. நீங்கள் விற்கும் புதிய ஏற்பாட்டிலும் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் அவர் வாசகம்தான். முன்னுரையில் அவருக்கென்று மிஞ்சியிருந்தது பெயர் சொல்லாத அந்த ஒரு நன்றிதான். அதையும் எடுத்துவிட்டீர்கள்.

இதே கிங் ஜேம்ஸ் பைபிளின் 1631 அச்சில் பத்துக் கட்டளையில் ஒரு 'நாட்' (not) விட்டுப்போய், "விபசாரம் செய்வாயாக" என்று அச்சாகிவிட்டது. அச்சகத்தாருக்கு 300 பவுன் அபராதம். ஒரு சொல்லுக்கு 300 என்றால் 11 பக்கத்துக்கு எவ்வளவு என்று நான் கணக்குப் போடவில்லை. அது என் வேலையும் இல்லை.

மன்னியுங்கள், கேட்க வந்தது வேறு. தாள் செலவு என்று சொல்லாதீர்கள். இதே பதிப்பில் பிறப்பு, திருமணம், இறப்பு எழுதப் பூவேலைப்பாடு போட்ட பக்கங்கள் இருக்கின்றன. வரைபடங்களும் இருக்கின்றன. அடுத்த அச்சில் முன்னுரையைத் திரும்பச் சேருங்கள். சின்ன எழுத்தில் போட்டாலும் சரி, கடைசியில் போட்டாலும் சரி, முன்னுரை வேண்டும். கூடவே டிண்டேல் பெயர் ஒரு வரியாவது வந்தால் மிக்க நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்போதைக்கு முன்னுரையை நகலெடுத்து, மடித்து, அட்டைக்குள் செருகியிருக்கிறேன். பைண்டிங் இறுக்கமாக இருப்பதால் புத்தகம் சரியாக மூட மாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்