திப்புவின் போர்க்காலக் கடிதங்களைத் தமிழில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு கோட்டை பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் சுரங்கப்பாதை, புதையல், திப்புவின் வாள் என்றே பக்கம் தீர்ந்துவிட்டது. அந்தக் கோட்டையை எப்படிக் காத்தார்கள், பீரங்கிக்கு வெடிமருந்தும் குண்டும் எங்கிருந்து வந்தன என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் அந்தக் கோட்டைக்குச் சின்ன வயதிலிருந்து போய்க்கொண்டிருக்கும் எனக்கு இது பெரிய குறையாகப்பட்டது.

இத்தனைக்கும் திப்புவே எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது கிடைத்த பாரசீகக் கடிதப் பதிவுகளிலிருந்து, 1785 தொடங்கிச் சில வருடக் கடிதங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி கர்க்பாட்ரிக் ஆங்கிலத்தில் பெயர்த்து 1811-ல் லண்டனில் அச்சிட்டார். வட கர்நாடகத்து நர்குந்துக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த மைத்துனர் புர்ஹானுத்தீனுக்குப் போன கடிதங்கள் அதில் உண்டு, கில்லேதார்கள் என்ற கோட்டைத் தலைவர்களுக்கும் ஆயுதச்சாலைக்காரர்களுக்கும் போட்ட உத்தரவுகள் உண்டு, மஸ்கட்டில் இருந்த தன் வியாபாரப் பொறுப்பாளர்களுக்கு எழுதியவையும் உண்டு. கர்க்பாட்ரிக் திப்புவைக் கொடுங்கோலன் என்று காட்டத் துடித்தவர், அதனால் அவருடைய குறிப்புகளை அப்படியே நம்பக்கூடாது. அது வேறு விஷயம்.

மஸ்கட் ஏன் என்று கேட்பீர்கள். பீரங்கி மருந்துக்கு வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் வேண்டும். வெடியுப்பைப் பழைய மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்கலாம், கரி நம் ஊரிலேயே சுடலாம், கந்தகம் மட்டும் மஸ்கட் பக்கமிருந்து கப்பலில் வரவேண்டும். மங்களூர்த் துறைமுகம் கையில் இருந்தால்தான் மலைக்கு மேலே இருக்கிற கோட்டைச் சுவரில் பீரங்கி பேசும். அப்புறம் அந்தப் பீரங்கியை இழுக்க மாடு வேண்டும். மைசூர் ராஜ்யத்தின் மாட்டுப் பண்ணைகளுக்கு அமிர்த மகால் என்று பெயர் வைத்து, தனி இலாகாவாகவே நடத்தினார் திப்பு. அந்த மாடுகளின் வேகத்தைப் பார்த்த இங்கிலீஷ்காரர்கள் 1799-க்குப் பிறகு அந்தப் பண்ணைகளைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கணக்கு எங்கள் ஊர்ப்பக்கச் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1766-ல் ஹைதர் அலி எழுப்பிய பாலக்காடு கோட்டையை 1783 நவம்பரில் கம்பெனிப் படையின் கர்னல் ஃபுல்லர்ட்டன் பிடித்தார். ஆனைமலைக் காட்டு வழியாக, கொட்டும் மழையில் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு வந்த படை அது. அகழி, கருங்கல் மதில், கொத்தளங்கள் எல்லாம் இருந்தும் கோட்டை நிற்கவில்லை. திப்புவும் கம்பெனியும் செய்துகொண்ட 1784 மங்களூர் உடன்படிக்கையோடு கோட்டை மறுபடி மைசூர் கைக்கு வந்து, 1790 செப்டம்பரில் கம்பெனியின் கர்னல் ஸ்டுவர்ட்டிடம் போனது. அதற்கு ஒரு மாதம் முன்னால் இதே ஸ்டுவர்ட் திண்டுக்கல் முன்னால் நின்றபோது குண்டு தீரும் நிலைமை வந்து, அவசரமாகச் சுவர் ஏறிப்பார்த்துத் தோற்றுத் திரும்பினார். மறுநாள் கோட்டைக்காரர்களே சரணடைந்ததால் பிழைத்தார்.

2018-ல் கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டம் நகராவில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட் குழாய்கள் குவியலாகக் கிடைத்ததே, செய்தியில் பார்த்திருப்பீர்கள். பழைய பிதனூர்தான் அந்த ஊர். திப்புவின் ஆயுதச்சாலைகள் இருந்த இடம். கடிதத்தில் இருப்பதும் மண்ணில் கிடைப்பதும் இப்படிச் சேருகிறபோது, புலியா கொடுங்கோலனா என்று ஒவ்வொரு வருடமும் நடக்கிற சண்டையைவிட இதைப் படிக்க நிறைய விஷயம் இருக்கிறது. சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் யார் கொடுக்கிறார்கள்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீகம், உருதுத் துறை இருக்கிறது. அங்கே கேட்டு, பாரசீக மூலம் கிடைக்கும் கடிதங்களில் கோட்டை, பீரங்கி, மருந்து பற்றியவற்றை மட்டும் வாரம் ஒன்றாக மொழிபெயர்த்து ஞாயிறு மலரில் போடுங்கள். பக்கத்தில் கர்க்பாட்ரிக்கின் குறிப்பையும் தனியாகப் போட்டால் எது திப்பு, எது கர்க்பாட்ரிக் என்று வாசகருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்