டாரண்டுலா கூண்டுல உயிரோட இரைய விட்டு வைக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் இங்கிலாந்துல லெஸ்டர்ல இருக்கேன், ஞாயித்துக்கிழமையானா உங்க பேப்பர ஆன்லைன்ல படிச்சிடுவேன். போன வாரம் டாரண்டுலா சிலந்தி வளர்க்குறத பத்தி போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா உயிரோட பூச்சிய உள்ள விட்டுட்டா போதும், பசிக்கும்போது அதுவே புடிச்சு தின்னுக்கும்னு ஒரு வரி இருந்துச்சு, அத படிச்சதும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு.

ஏன்னா நாங்களும் அப்படித்தான் விட்டோம். என் பையன் வளர்த்தது மெக்சிகன் ரெட் நீ-ன்னு ஒரு டாரண்டுலா வகை, கால் முட்டியெல்லாம் ஆரஞ்சு கலர்ல அவ்ளோ அழகா இருக்கும். ரெண்டு வாரமா எதையும் தொடல, பின்பக்கம் முடி கொட்டின எடம் கறுத்துப் போயிருந்துச்சு, அது தோல் உரிக்கப் போறதுக்கு அறிகுறின்னு அப்போ எங்களுக்கு தெரியாது. ரெண்டு கிரிக்கெட் பூச்சி, அதான் நம்ம ஊரு சுவர்க்கோழி, உள்ளயே கெடந்துச்சு. காலையில பாத்தா சிலந்தி மல்லாக்கப் படுத்து பாதி தோல் உரிச்சிருக்கு, ஒரு பூச்சி அதோட கால் மூட்டுல ஒக்காந்து கடிச்சிட்டு இருக்கு. லேசா நீலம் கலந்த தண்ணி மாதிரி ரத்தம் சொட்டா நின்னுச்சு. சாயங்காலம் செத்துப்போச்சு. பொட்டை சிலந்தி 20 வருஷத்துக்கு மேல கூட வாழும், எங்ககிட்ட 3 வருஷம்தான் இருந்துச்சு.

தோல் உரிச்ச புதுசுல ஒடம்பு மெத்துனு இருக்கும், பல்லு கூட வெள்ளையா இளசா இருக்கும், அதால எதையும் கடிச்சு விரட்ட முடியாது. கிரிக்கெட்டோ கெடச்சதெல்லாம் கொறிக்கும்.

ராத்திரி போட்ட பூச்சி மறுநாளும் உயிரோட இருந்தா எடுத்துடுங்க. நீள இடுக்கியால மெதுவா எடுக்கலாம், இல்ல பிளாஸ்டிக் கப்ப கவுத்து அடியில அட்டைய சொருகலாம். ஒளிஞ்சுக்கிச்சுன்னா ஒரு மூலையில கேரட் துண்டு வைங்க, தின்ன வரும்போது புடிச்சிடலாம். புழு போடுறவங்க இன்னும் கவனமா இருக்கணும், கூண்டு அடியில பரப்பியிருக்குற தேங்கா நார்த்தூளுக்குள்ள போயிடுச்சுன்னா கண்டுபுடிக்கவே முடியாது, தலைய நசுக்கிட்டுத்தான் போடணும். சிலந்தி மல்லாக்க கெடந்தா செத்துப்போச்சுன்னு தொட்டுடாதீங்க, பூச்சிய மட்டும் எடுங்க. தோல் உரிச்சப்புறம் பல்லு கறுப்பாகுற வரைக்கும், பெரிய சிலந்தின்னா ஒன்னு ரெண்டு வாரம், சாப்பாடே வேணாம், தண்ணி கிண்ணம் மட்டும் போதும்.

இப்ப வீட்ல இன்னொன்னு இருக்கு, அதுவும் பத்து நாளா சாப்பிடல, பையன் தெனமும் டார்ச் அடிச்சு மூலை மூலையா பாத்துட்டுத்தான் தூங்கப் போறான். அந்த ஒரு வரிய மட்டும் அடுத்த வாரம் திருத்திப் போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, லெஸ்டர்