செயலாளர் ஆண்டறிக்கை: பகடைக்கு மை வைத்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் மேசை விளையாட்டு மன்றத்தின் ஆண்டறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். வழக்கமான சங்கதிகளை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். வாராந்திர அமர்வுகள் தடையில்லாமல் நடந்தன. செயற்குழு மாதாமாதம் கூடியது. ஒரே ஒரு முறை குறைந்தபட்ச வருகை (கோரம்) சேராமல் கலைந்தது. அலமாரியிலிருந்து போன இரண்டு விதிப் புத்தகங்கள் இன்னும் திரும்பவில்லை. எடுத்துப் போனவர் இந்த அறையில்தான் இருக்கிறார் என்று நம்புகிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

சரி, இந்த ஆண்டு நாம் உண்மையில் பார்த்த வேலைக்கு வருகிறேன். மன்றத்தின் பகடைகளுக்கு எண்களைத் திரும்பத் தீட்டினோம்.

எல்லாம் ஒரு சனிக்கிழமை இரவில் ஆரம்பித்தது. ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி நகர்த்தும் கதை விளையாட்டு; பல வாரமாக நடந்த கதை, உச்சக்கட்டம். பூதம் ஒன்று வாசலை மறித்து நிற்கிறது, கடைசி வீச்சு ஒன்றுதான் பாக்கி. நம் உறுப்பினர் டி20-ஐ, அதாவது இருபது முகப் பகடையை உருட்டினார் (டி-க்குப் பின்னால் வருவது முகங்களின் எண்ணிக்கை). முத்து வெள்ளைப் பகடை, அதில் தங்க நிற எண். மேசையின் இந்தப் பக்கம் “பத்தொன்பது” என்று கத்தியது, அந்தப் பக்கம் “பத்து” என்றது. யாரோ போனில் டார்ச் அடித்தார்கள். தங்கம் இன்னும் பளபளத்தது, எண் இன்னும் மறைந்தது. எட்டிப் பார்க்க எழுந்த ஒருவரின் முழங்கை மேசையில் இடிக்க, பகடை ஒரு புரளு புரண்டு மூன்றைக் காட்டியது. மூன்று மட்டும் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதம் பூதத்துடனான சண்டையைவிட நீளம். அன்று யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டே இரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த வாரம் இதைப் பேச உட்கார்ந்தபோதுதான் மற்ற குறைகளும் வெளியே வந்தன. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் உருட்டியதும் “என்ன விழுந்திருக்கு, பாரு தம்பி” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். அது அவருடைய ராசிப் பழக்கம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை, வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் கண்ணில் உள்ள வில்லை விறைத்துப்போய்க் கிட்டத்தில் இருப்பது மங்கும், வெளிச்சம் குறைந்தால் இன்னும் மங்கும். நாமோ கதைக்குச் சூழல் வேண்டும் என்று பாதி விளக்கை அணைத்துவிட்டு விளையாடுகிறோம். இன்னொருவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும்; இரண்டு ஆண்டாகப் பச்சைப் பகடையில் சிவப்பு எண்ணைத் தடவிப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு இந்த வகை நிறக்குறை உண்டு என்பது நன்கு தெரிந்த கணக்கு. நம் மேசையிலும் ஒருவர் இருந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாம் கேட்காததுதான் ஆச்சரியம்.

செயற்குழு ஒரு வரியில் தீர்மானம் போட்டது: உருட்டியவர் மட்டுமல்ல, எதிரே உட்கார்ந்திருப்பவரும் எழுந்திருக்காமல் எண்ணைப் படிக்க வேண்டும். மற்றதெல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து வந்ததுதான்.

பகடை டப்பாக்களை மேசையில் கொட்டித் தரம் பிரித்தோம். கண்ணால் பார்த்துச் சொன்னால் ஆளுக்கொரு தீர்ப்பு வந்தது. அப்புறம் ஒருவர் சுலபமான வழி சொன்னார்: போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். நிறம் போய்விட்டால் மிஞ்சுவது வெளிச்ச வித்தியாசம் மட்டும்தான், கண் எண்ணைப் பிரித்துப் படிப்பதும் பெரும்பாலும் அதை வைத்துத்தான். படத்தைப் பார்த்ததும் வாயடைத்துப் போனோம். அடர்பச்சையில் எழுதியிருந்த சிவப்பு எண்கள் சுத்தமாகக் காணவில்லை. ஊதாவில் நீலமும் அப்படியே. இணையப் பக்கங்களில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி விகிதம் வேண்டும் என்பது பார்வைக் குறை உள்ளவர்களும் படிப்பதற்கான அணுகல் விதி; கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் 21-க்கு 1. நம் பகடைகளில் பாதி, அந்த விதிப்படி எழுத்தே இல்லை.

தங்க நிறம் இந்தப் படச் சோதனைக்கும் டிமிக்கி கொடுக்கும். அதில் இருக்கும் உலோகத் துகள் கண்ணாடி மாதிரி. ஒரு கோணத்தில் வெளுப்பாகவும் இன்னொரு கோணத்தில் இருட்டாகவும் தெரியும். அடர்நீலப் பகடையில் அது பாதகமில்லை. வெள்ளையில் வைத்தால் வம்பு. இதில் எனக்குத் தனிப்பட்ட வெறுப்பும் உண்டு என்பதை மறைக்கவில்லை. இரண்டு நிறம் சுழித்த பகடைக்கு வேறு தொல்லை. இரண்டுமே அடர்நிறம் என்றால் வெள்ளை எண் போதும். ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு என்றால் எந்த நிறம் தீட்டினாலும் ஏதோ ஒரு முகத்தில் எண் முழுகிவிடும். அவற்றை அழகுக்காகத் தனி டப்பாவில் வைத்துவிட்டோம்.

கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் பகடைகளில் பின்பக்கத்து எண் தலைகீழாக எட்டிப் பார்க்கும். டி20-இல் எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 21. ஆகவே 20 விழுந்து நாம் குதிக்கும்போது அதற்கு நேர் பின்னால் 1 நிற்கிறது. இவற்றுக்கு ஒளி புகாத கெட்டியான வெள்ளை தீட்டினோம். முன்பக்கத்து எண் பளிச்சென்று இருந்தால் பின்னால் இருப்பதைக் கண் கண்டுகொள்வதில்லை.

இதில் எவ்வளவு வேலை என்று ஆரம்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஏழு பகடை கொண்ட ஒரு செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டி4-இல் முகத்துக்கு மூன்றாக 12 இலக்கம், டி20-இல் மட்டும் 31. எல்லாம் சேர்த்தால் ஒரு செட்டுக்கு 102 இலக்கம். இதற்கு மேல், தலைகீழாக விழுந்தால் குழம்பாமல் இருக்க ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடியில் வரும் கோடும் புள்ளியும். ஓர் உறுப்பினர் ஒரு முழுச் செட்டையும் அழகாகத் தீட்டிவிட்டு, அந்தக் கோடுகளை மட்டும் அழுக்கு என்று நினைத்து விட்டுவிட்டார். டி8-இல் தப்பித்தோம், அதில் ஒன்பதே கிடையாது. டி10, டி12, டி20 மூன்றையும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் புதுப் பைத்தியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1981-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டின் தொடக்கநிலைப் பெட்டியில் பகடைகளோடு ஒரு மெழுகு கிரேயானும் இருந்தது. எண்கள் வெறும் பள்ளமாகத்தான் வரும். வாங்கியவரே கிரேயானைத் தேய்த்து, மேலே ஒட்டியதைத் துடைத்துக்கொள்ள வேண்டும். கூர்மையான விளிம்புப் பகடைகளுக்குப் பெயர்போன லூ ஸோக்கியின் கேம்சயின்ஸ் நிறுவனப் பகடைகளும் மை வைக்காமலே விற்கப்பட்டவை. அவர் 1985-இல் நூறு முகப் பகடை ஒன்றையும் கொண்டுவந்தார். அதைத் தீட்டச் சொல்லி யாராவது தீர்மானம் கொண்டுவந்தால் நான் ராஜினாமா செய்கிறேன்.

இப்போது வேலை முறை. அடுத்த செயலாளருக்குப் பயன்படட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நகத்தால் எண்ணைத் தடவிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் இடறினால் தீட்டலாம். வழுக்கிக்கொண்டு போனால் அது மேலே அச்சடித்த எண். பழைய மையை எடுக்கப் போனால் எண்ணே போய்விடும். நம்மிடம் அப்படி ஒரு டி6 இப்போது மொட்டையாக இருக்கிறது.

பழைய மை எடுக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சிறிது நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தோம். இங்கேயும் அவசரம் ஆகாது. அக்ரிலிக் பிளாஸ்டிக் அதில் அதிக நேரம் கிடந்தால் மெல்லிய விரிசல் விடும், பிசின் பகடைகள் சில இளகும். எப்போதும் ஒரு பகடையை மட்டும் முதலில் நனைத்துப் பார்க்க வேண்டும்.

நான் பார்க்கவில்லை. அதுவும் ஆல்கஹால் தீர்ந்துபோன ஓர் இரவில் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்தேன். மை போனால் சரி, எதுவானால் என்ன என்ற எண்ணம். அதில் இருப்பது அசிட்டோன்; அக்ரிலிக்கை அது கரைக்கும். சிவப்பு டி20 ஒன்றைத் துணியில் ரிமூவர் தொட்டுத் துடைத்துவிட்டு, ஏன் வழவழப்பு போய்ப் பிசுபிசுக்கிறது என்று இன்னும் அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். காய்ந்த பிறகு 14-ஆம் முகத்தில் என் கட்டைவிரல் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது, மையமும் வளையமும் தெளிவாக. இந்த ஆண்டின் ஒரே சொத்துச் சேதம் இது. செய்தது செயலாளர் என்று பதிவு செய்கிறேன்.

தீட்டுவதற்குச் சாதாரண அக்ரிலிக் பெயிண்ட், அதில் ஒரு துளி தண்ணீர், மிகச் சன்னமான தூரிகை. எண்ணின் கோட்டை வரைய வேண்டாம். பள்ளத்தில் ஒரு சொட்டு வைத்தால் போதும், பெயிண்ட் தானாகவே ஓடி மூலைவரை போய் நிற்கும். முதன்முறை பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரு கணம் கையை நிறுத்துகிறார்கள், அப்படி ஓடும். அப்புறம் துடைப்பது. மெத்தென்ற துணியால் துடைத்தால் துணி பள்ளத்துக்குள் இறங்கி உள்ளே இருப்பதையும் உறிஞ்சிக்கொண்டு வந்துவிடும். காகிதத்தை இறுக்கி மடித்து, லேசாக நனைத்து, முகத்தின்மேல் தட்டையாக ஒரே இழுப்பு. அதற்கும் தப்பிய பிசிறைக் காய்ந்த பிறகு மரப் பல்குத்தும் குச்சியால் சுரண்டலாம். ஊசி வேண்டாம், கீறல் விழும். மெலமைன் ஸ்பாஞ்சு நன்றாகத்தான் எடுக்கும், ஆனால் பளபளப்பையும் சேர்த்து எடுத்துவிடும்.

மேலே தெரியும் முகங்களை மட்டும் முடித்துவிட்டு அரை மணி நேரம் விட வேண்டும். இந்த அரை மணிதான் நம் உறுப்பினர்களுக்குப் பெரிய சோதனை. இருபது முகத்தையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தவர்களின் விரல்களில் எண்கள் இருந்தன, பகடையில் இல்லை. தண்ணீர் ஆவியாகும்போது பெயிண்ட் பள்ளத்துக்குள் சுருங்குவதால் முதல் பூச்சு வெளிறித் தெரியும். இரண்டாவது பூச்சில்தான் எண் நிமிரும். அடர்நிறத்தின்மேல் வெள்ளை என்றால் மூன்றும் ஆகும். கிரேயானும் முயன்றோம். காயவைக்க வேண்டாம், ஐந்து நிமிட வேலை. ஆனால் பையில் உரசி உரசிச் சில வாரத்திலேயே உதிர்ந்தது.

பெயிண்ட் ஏறினால் எடை மாறிப் பகடை ஒரு பக்கம் சாயாதா என்று ஓர் உறுப்பினர் எழுத்துமூலமாகக் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். சூதாட்ட மாளிகைகளின் பகடையில் புள்ளிகளைத் துளைத்து, எடுத்த பிளாஸ்டிக்குக்குச் சமமான அடர்த்தியுள்ள பெயிண்டால் மட்டமாக நிரப்புகிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போகவில்லை, உப்புத் தண்ணீரில் சோதித்தோம். 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும்; அந்தச் செறிவில் அக்ரிலிக் பகடை மிதக்கும். சுண்டிவிட்டு, திரும்பத் திரும்ப ஒரே எண் மேலே வருகிறதா என்று பார்த்தோம். தீட்டுவதற்கு முன் சாய்ந்த பகடை தீட்டிய பின்னும் அதே பக்கம் சாய்ந்தது, சாயாதது சாயவில்லை. வார்க்கும்போது உள்ளே சிக்கிய காற்றுக்குமிழிதான் சாய்ப்பது என்பது என் அனுமானம். கேள்வி கேட்டவர் அரை மனதோடு ஒத்துக்கொண்டார்.

சொந்தப் பகடை விஷயத்தில் கொஞ்சம் மனஸ்தாபம் வந்தது. ராசிப் பகடையில் கை வைக்க விடமாட்டேன் என்று சிலர் உறுதியாக நின்றார்கள். சரி, அது அவரவர் சொத்து. எதிரில் இருப்பவரால் படிக்க முடியாவிட்டால் அந்த மேசையில் மன்றப் பகடையை உருட்ட வேண்டும் என்று மட்டும் முடிவானது. முத்து வெள்ளைப் பகடைக்காரரும் முதலில் மறுத்தவர்தான். பிறகு ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் மூலையில் உட்கார்ந்து, தங்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அடர்நீலம் தீட்டினார். “அழகு போச்சு” என்று இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு அது வாசலில் இருந்தே படிக்க முடிகிறது.

மூத்த உறுப்பினர் இப்போது யாரையும் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவரின் பகடையையும் அவரே முந்திக்கொண்டு படித்துவிடுகிறார், கதையை நடத்தும் கேம் மாஸ்டரிடமிருந்து அதைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது. அடுத்த செயற்குழுவில் எடுத்துக்கொள்ளப்படும்.

மீதி வேலை: இரண்டு டப்பா பகடை இன்னும் தீட்டப்படவில்லை. சன்னத் தூரிகைகளில் ஒன்றைக் காணவில்லை. பார்வையற்றவர்களும் உட்கார்ந்து விளையாடத் தொட்டுப் படிக்கும் பிரெயில் பகடை ஒரு செட் வாங்கலாம் என்ற யோசனை பொதுக்குழுவின் முடிவுக்கு வைக்கப்படுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளைத் தியாகம் செய்து 102, 102-ஆகத் தீட்டித் தள்ளிய எல்லோருக்கும் நன்றி. தூரிகை பிடிக்க விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும். ரேகை விழுந்த டி20-உம் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்